தாழ்வாரத்துப் பலகையும் குதிக்கும் ரம்பமும்

என் மச்சான் பையன் சென்னையில் ஃப்ளாட்டில் இருக்கிறான். போன வாரம் போன் பண்ணினான். "மாமா, பால்கனியில சின்னதா மர வேலை பண்ணலாம்னு இருக்கேன். பூஜை ரூம் கதவுல உள்ளுக்குள்ள பூ மாதிரி வெட்டி எடுக்கணும். ஜிக்சா வாங்கறதா, ஸ்க்ரோல் சா வாங்கறதா, ரூட்டரா? வீடியோ பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான் ஊர்ல அந்தப் பலகையெல்லாம் வெட்டினீங்களே, சொல்லுங்க" என்றான்.

ஒரு வார்த்தையில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா எதுக்கு அதுன்னு அவனுக்குப் புரிஞ்சிருக்காது. எனக்கே அது புரிய ஒரு கட்டைவிரல் நகமும் அஞ்சு இலையும் செலவாச்சு. சம்பா அறுப்பு முடிஞ்சு கை சும்மாதான் இருக்கு, விவரமாவே எழுதிடறேன்.

எங்க வீடு பாகூர் பக்கம். தாத்தா கட்டினது. நடு உத்திரத்தில் 1948 என்று உளியால் வெட்டியிருக்கும். அப்போ இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. டவுன்ல பெரிய வீடுகளுக்கு வேலை செஞ்ச ஆசாரி ஒருத்தரைத் தாத்தா கூட்டிவந்து தங்க வெச்சு, நெல்லு அளந்து கொடுத்து வேலை வாங்கினாராம். திண்ணைக்கு மேல ஓடு இறங்கி முடியற விளிம்பில், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு பலகை. வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டினா எப்படி இருக்கும், அதே மாதிரி மரத்துலயே இலை இலையா தொங்கும். ஒவ்வொரு இலைக்கும் நடுவுல ஒரு குட்டி இலை அளவுக்கு ஓட்டை. இலைக்குள்ள இலை. 18 அடி நீளத்துக்கு 36 இலை. சாயங்கால வெயில் அதுவழியா விழுந்து திண்ணையில குட்டிக்குட்டி வெளிச்ச இலையா கிடக்கும். சின்ன வயசில நாங்க அதுல புளியங்கொட்டை வெச்சு விளையாடியிருக்கோம்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே புயல் கரையேறினது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில. அதாவது எங்க தலைமேல. விடிஞ்சு பார்த்தா கொல்லையில நின்ன ரெண்டு பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடக்கு. ஓடு பாதி இல்லை. பலகையில 22 இலை போச்சு, 14 மிச்சம்.

சாய்ஞ்ச பலாவை மரவாடிக்குக் கொண்டுபோய் பலகையா அறுத்து, பரண்மேல அடுக்கி வெச்சேன். அதோட சரி. ஓடு மாத்தவே காசு பத்தலை, அலங்காரப் பலகைக்கு யார் செலவு பண்ணுவா? அப்படியே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

2014 நவம்பர் 29. அடைமழை. டவுன்ல கடற்கரை ரோட்டில் இருந்த மேரி கட்டடம் இடிஞ்சு விழுந்தது. 1870-71ல் கட்டின டவுன் ஹால். எங்க ஊர்ல பாதிப் பேருடைய பிறப்பும் கல்யாணமும் அந்த மாதிரி மேரி நோட்டிலதான் பிரெஞ்சில் எழுதிக் கிடக்கும். பராமரிப்பு இல்லாம ஒரு கட்டடம் எப்படிப் போகும்னு அன்னைக்கு ஊரே பார்த்தது. (பிறகு அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021ல் திறந்தாங்க, அது வேற கதை.) ரெண்டு நாள் கழிச்சு பஸ்ஸில் போய் அந்த இடிபாட்டைப் பார்த்துட்டு வந்து திண்ணையில உக்காந்தேன். மேலே 14 இலை. தை அறுப்பு முடிஞ்சதும் மிச்சத்தை வெட்டி மாட்டிடறதுன்னு முடிவு பண்ணினேன்.

ஆசாரியோட மகன் இருக்கார், அவருக்கும் எழுபதைத் தாண்டிடுச்சு, கை நடுக்கம். "நீங்களே வெட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்றார்.

முதல் தப்பு அங்கேதான். வாடகைக்கு ஒரு கிரைண்டிங் மெஷின் எடுத்தேன். கம்பி, டைல்ஸ் வெட்டறது. அதுல பல்லு வெச்ச மரம் அறுக்கற பிளேடை மாட்டிக் கொடுத்தாங்க. "இதுல எல்லாம் வெட்டலாம்ணே" என்றான் பையன். அந்த மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். வட்டமான பிளேடு நேர்கோட்டில்தான் போகும். வளைவில் திருப்பினா பல்லு மரத்தில் மாட்டும், மாட்டின உடனே மெஷின் மொத்தமும் நம்ம பக்கம் எகிறும். எகிறுச்சு. இடது கட்டைவிரல் நகத்தோட போச்சு, விரல் தப்பிச்சது. வீட்டுக்காரி அன்னைக்கு விட்ட திட்டு இன்னும் காதில கேக்குது. படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன்: கிரைண்டரில் மரம் அறுக்கற பிளேடு மாட்டாதீங்க. விலை கம்மி, வேலை வேகம்னு யார் சொன்னாலும் வேண்டாம்.

கட்டு போட்ட விரலோட வீட்டில கிடந்தப்போதான் இந்த ரம்பங்களோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன். பொண்ணு போன்ல எடுத்துக் கொடுப்பா, நான் படிப்பேன். வட்ட ரம்பத்தைக் கையில் பிடிக்கற மெஷினா ஆக்கினது எதுக்குத் தெரியுமா? கரும்புக்கு! 1920கள்ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல எட்மண்ட் மிஷேல்னு ஒருத்தர், கரும்பு வெட்டற கத்தியை மோட்டாரில் ஓட்ட முடியுமான்னு பார்த்திருக்கார். அதிலிருந்துதான் தச்சு வேலைக்கான கை வட்ட ரம்பம் வந்தது. கரும்புக்கு வந்த மெஷின் மரத்துக்குப் போயிடுச்சு, எங்க கரும்பை இன்னும் ஆளுங்கதான் வெட்டறாங்க.

விரல் ஆறினதும் பழையபடி மரவாடிக்குப் போனேன். அங்கே இருக்கறது பட்டை ரம்பம், பேண்ட் சா. ரெண்டு பெரிய சக்கரத்தில் பெல்ட் மாதிரி ஓடற இரும்புப் பட்டை. வளைவெல்லாம் வழவழன்னு வெட்டுது. "இந்த இலை ஓட்டையை வெட்டித் தருவீங்களா?" என்று பழைய பலகைத் துண்டைக் காட்டினேன். மெஷின் ஓட்டறவர் சிரிச்சார். "பிளேடை அறுத்து, ஓட்டைக்குள்ள நுழைச்சு, திரும்ப ஒட்டணும்ங்க. ஒரு இலைக்கு ஒரு தடவை" என்றார்.

எனக்குப் பொறி தட்டினது அப்போதான். பட்டை ரம்பம் ஒரு மூடின வளையம். மூடின வளையம் மூடின ஓட்டைக்குள்ள போகாது. அந்த வளையத்தை உடையாம ஒட்டறதே பெரிய பாடா இருந்திருக்கு. 19-ம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் இந்த ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க, ஆனா ஒட்டின இடத்தில் பட்டை அறுந்து அறுந்து விழுந்து, பல வருஷம் அது உபயோகமில்லாமலே கிடந்தது. 1846ல் பாரிஸில் ஆன் போலின் கிரெபேன் என்ற பெண்தான் பட்டையின் ரெண்டு முனையை ஒட்டற வழியைக் கண்டுபிடிச்சு காப்புரிமை வாங்கினார். அதைப் பெரேன் கம்பெனிக்கு வித்தார். இன்னைக்கு உலகத்தில் ஓடற மரவாடி ரம்பங்களுக்கெல்லாம் அந்த அம்மா பாட்டி முறை. எங்க ஊர் மரவாடியில போய்ச் சொன்னேன், "அப்படியா, பொம்பளையா?" என்று ரெண்டு தடவை கேட்டாங்க.

அப்புறம் சொல்தா பெரியப்பா. வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களைப் புதுச்சேரியில சொல்தான்னுதான் சொல்லுவோம். எங்க தெருவில ஒருத்தர் இருந்தார். சொந்தம் இல்லை, ஆனா பெரியப்பான்னுதான் கூப்பிடுவோம். விரலைப் பார்த்துட்டு, "என்னடா தம்பி, என்கிட்ட கேக்கக் கூடாதா?" என்று ஒரு நீல இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில வெச்சார். உள்ளே பிரான்ஸிலிருந்து எடுத்துவந்த ஜிக்சா. அங்கேயும் கரண்ட் 230 வோல்ட்தான், அதனால அப்படியே இங்கே ஓடும்.

"இதுக்கு எங்க ஊர்ல சி சோத்தேஸ்னு பேரு. குதிக்கிற ரம்பம்" என்றார். அவருக்கு "எங்க ஊர்" எதுன்னு கடைசிவரைக்கும் குழப்பம்தான்.

பேர் சரியான பேர். ஜிக்சாவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன பிளேடு மேலும் கீழும் குதிக்கும், அவ்வளவுதான். ஒரு முனை மெஷின்ல மாட்டியிருக்கும், இன்னொரு முனை சும்மா தொங்கும். அந்தத் தொங்கற முனையில்தான் விஷயம் இருக்கு. மரத்தில ஒரு ஓட்டை போட்டு அந்த முனையை உள்ள விட்டா போதும், எதையும் கழட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

இது வந்த கதையும் திண்ணைக் கதை மாதிரிதான். சுவிட்சர்லாந்தில் ஸோலோதுர்ன் ஊர்ல சின்டில்லா என்று ஒரு கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் 1946ல் வீட்டுத் தையல் மெஷின்ல ஊசியைக் கழட்டிட்டு ரம்ப பிளேடை மாட்டிப் பார்த்தார் என்று சொல்றாங்க. ஊசி துணியில இறங்கி ஏறுது இல்லையா, அதே ஓட்டம். அடுத்த வருஷமே, 1947ல், லெஸ்டோ என்ற பேரில் கையில் பிடிக்கற ஜிக்சா விற்பனைக்கு வந்தது. 1954ல் அந்தக் கம்பெனி பாஷ் கைக்குப் போனது. அதே 1954 நவம்பர் 1ல்தான் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரன் கையை விட்டு இந்தியா பக்கம் வந்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொல்றேன்.

தையல் மெஷினே முதல்ல அடி வாங்கின மெஷின் என்பது இன்னொரு கதை. பார்த்தெலமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையல்காரர் 1830ல் காப்புரிமை வாங்கி, பாரிஸில் பட்டாளத்துக்கு உடுப்பு தைக்க மெஷின்களைப் போட்டார். 1831ல் மத்த தையல்காரங்க கூட்டமா வந்து உடைச்சுப் போட்டாங்க. அவங்க பயம் அவங்களுக்கு. கதிர் அறுக்கற மெஷின் முதல்தடவை எங்க வயலுக்கு வந்தப்போ கூலிக்கு வந்த அம்மாக்கள் வரப்பில நின்னு பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கேன், அதனால அந்தத் தையல்காரங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

சரி, எங்க வீட்டு உத்திரத்தில் 1948. அதாவது சுவிஸ்ல ஜிக்சா கடைக்கு வந்து ஒரு வருஷம் ஆன நேரத்தில், எங்க ஆசாரி இந்தத் திண்ணையில உக்காந்து கையால இலை வெட்டியிருக்கார். எதால வெட்டினார்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் மிச்சமிருந்த பலகையைக் கீழே இறக்கினேன். ஆசாரி மகனும் சொல்தா பெரியப்பாவும் பக்கத்தில்.

முதல்ல பார்த்தது, 18 அடியும் ஒரே பலகை இல்லை. மூணு மூணு அடியா ஆறு பலகை, நுனியில ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு நிக்கற மாதிரி பொருத்தியிருக்கு. ஒரு பலகைக்கு ஆறு இலை. கனம் நாலு நூல், அதாவது அரை அங்குலம். புயலுக்குத் தப்பினது ரெண்டு முழுப் பலகையும், மூணாவதில் ரெண்டு இலையும்.

எதுக்கு மூணு அடி? மரம் இல்லாமலா? ஆசாரி மகன் சொன்னார்: "அப்பா வெட்டினது வில் மாதிரி சட்டம் போட்ட ரம்பத்தில. நூல் மாதிரி பிளேடு, ரெண்டு முனையும் இழுத்துக் கட்டியிருக்கும். ஓட்டைக்கு ஓட்டை பிளேடை ஒரு பக்கம் கழட்டி, உள்ள விட்டு, திரும்ப முறுக்கணும். பலகையைச் சுத்திச் சுத்தித் திருப்பணும். ஆறடிப் பலகையைத் திண்ணையில எப்படித் திருப்புவீங்க?" நல்ல வெளிச்சத்தில் பார்த்தா, ஒவ்வொரு குட்டி இலையின் காம்பு முனையிலும் துறப்பணம் போட்ட அரை வட்டத் தடம் லேசா தெரியுது. ரம்பம் உள்ளே நுழைஞ்ச வாசல் அது. மரச் சிலும்பு எல்லாம் பின்பக்கம். அதாவது பல்லு கீழ்நோக்கி இழுத்து வெட்டியிருக்கு, தெருவைப் பார்க்கற பக்கம் சுத்தமா இருக்கு.

அப்புறம்தான் அந்த மூணாவது இலை.

ரெண்டு முழுப் பலகையிலயும் மூணாவது இலையோட நுனி மட்டும் இடதுபக்கம் சாய்ஞ்சிருக்கு. உள்ளே இருக்கற குட்டி இலையும் கூடவே சாய்ஞ்சிருக்கு. இவ்வளவு வருஷம் அதுக்குக் கீழயே உக்காந்து சாப்பிட்டிருக்கோம், யாரும் கவனிக்கலை. முதல் பலகையைத் திருப்பிப் பார்த்தோம். அந்த இலைக்கு வலதுபக்கம் ஒட்டி ஒரு முடிச்சு, கண்ணு மாதிரி. பலா முடிச்சு கல்லு மாதிரி இருக்கும், நூல் பிளேடு அதில பட்டா அறுந்துடும். ஆசாரி முடிச்சை விட்டு ஒதுங்கிப் போயிருக்கார். இது புரியுது. ஆனா ரெண்டாவது பலகையில முடிச்சே இல்லை! அங்கேயும் அதே சாய்வு, அதே அளவு.

ரெண்டு பலகையையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சேன். முடி இடுக்கு இல்லாம பொருந்துச்சு. ரெண்டையும் சேர்த்து ஆணி அடிச்சு ஒரே வெட்டா வெட்டியிருக்கார். மேலே இருந்த பலகையோட முடிச்சுக்குக் கீழே இருந்த பலகை வளைஞ்சு கொடுத்திருக்கு. பிளேடைக் கழட்டி மாட்டற வேலை பாதியா குறையும் இல்லையா?

"இது பிரான்ஸிலயும் உண்டு" என்றார் பெரியப்பா. பிறகு தேடிப் படிச்சேன். பதினாலாம் லூயி ராஜாவுக்கு மேசை, அலமாரி செஞ்ச ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732) பட்டறையில ஆமை ஓட்டுத் தகடும் பித்தளைத் தகடும் ஒண்ணா அடுக்கி இப்படித்தான் வெட்டுவாங்களாம். ஒண்ணுல வெட்டி எடுத்தது இன்னொண்ணோட ஓட்டையில கச்சிதமா உக்காரும். ரெண்டும் விலை போகும், தகடும் வீணாகாது. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துகீசியன் விட்டுட்டுப் போன வார்த்தை. ஆனா அடுக்கி வெட்டற வித்தையை எங்க ஆசாரிக்கு யார் விட்டுட்டுப் போனாங்க, டவுன்ல பிரெஞ்சு வீட்டு வேலையில பார்த்தாரா, இல்லை தானே கண்டுபிடிச்சாரா? அவர் மகனுக்கும் தெரியலை.

சரி, அவர் வழியிலேயே போவோம்னு நான் என் ரெண்டு பலகையை அடுக்கி ஜிக்சாவில் வெட்டினேன். மேல் பலகை அருமையா வந்தது. கீழ்ப் பலகையைப் பிரிச்சுப் பார்த்தா வேற ஏதோ இலை. அரச இலையா ஆமணக்கு இலையான்னு சந்தேகம். காரணம் அந்தத் தொங்கற முனைதான். ஜிக்சா பிளேடுக்கு மேல் முனையில மட்டும் பிடி. கனமான மரத்தில் வளைவு வந்தா கீழ் முனை தன் இஷ்டத்துக்கு வெளியே ஓடும். கை ரம்பத்தில் ரெண்டு முனையும் கட்டியிருக்கு, அதனால மேலே எப்படியோ கீழேயும் அப்படியே. எந்த முனை சௌகரியமா உள்ளே நுழைஞ்சதோ, அந்த முனையே காலை வாருது. அடுக்கறதை விட்டுட்டு ஒவ்வொரு பலகையா வெட்டினேன்.

அஞ்சு இலை கெட்டுப்போனதுக்கு அப்புறம் கை பழகினது. கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன். ஜிக்சா பிளேடுக்குப் பல்லு மேல்நோக்கி இருக்கும், அது ஏறும்போதுதான் வெட்டும். அதனால சிலும்பு மேல்பக்கம் வரும். கோடு போடறதும் வெட்டறதும் பலகையின் பின்பக்கத்தில். நல்ல முகம் கீழே. மெஷின்ல பிளேடை முன்னும் பின்னும் ஆட்டற ஒரு திருகு இருக்கும், வளைவுக்கு அதைப் பூஜ்யத்தில் வைக்கணும். வளைவுக்குன்னே குறுகலான பிளேடு விக்குது, அகல பிளேடு திரும்பாது, மரத்தைக் கருக்கும். நுழைவு ஓட்டை பிளேடைவிடக் கொஞ்சம் பெரிசா, வெட்டி எடுக்கப் போற துண்டுக்குள்ளயே போடணும். இலை நுனி மாதிரி கூரான மூலைக்கு ஒரே ஓட்டமா திருப்பப் பார்க்கக் கூடாது, ஒரு பக்கமா நுனிவரை போய், பின்வாங்கி, அடுத்த பக்கமா வந்து சேரணும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கணும், இல்லைன்னா ரம்பம் குதிக்காது, பலகை குதிக்கும். கண்ணாடி போடணும். பலாத் தூள் மஞ்சளா பறந்து பனியன் முழுக்க ஏறிடும், துவைச்சாலும் போகாது. தாய்லாந்து, பர்மா பக்கம் பிக்குகள் துணிக்குச் சாயம் ஏத்தறதே பலாக் கட்டையில்தான், அப்புறம் எங்கே போகும்?

நடுவுல டவுன்ல நேரு வீதிக் கடையில ஸ்க்ரோல் சா பார்த்தேன். ஆசாரியோட வில் ரம்பத்துக்கு மோட்டார் வெச்சா அதான் ஸ்க்ரோல் சா. ரெண்டு முனையும் கட்டின நூல் பிளேடு, வெட்டு அவ்வளவு நைஸ். அடுக்கியும் வெட்டலாம். ஆனா மெஷின் ஒரே இடத்தில் நிக்கும், மரத்தைத்தான் நாம திருப்பணும். பிளேடுக்கும் பின்னாடி தூணுக்கும் நடுவில் இருக்கற இடம் எவ்வளவோ, அதுக்குள்ள திரும்பற மரம்தான் வெட்ட முடியும். கடையில இருந்ததில் 16 அங்குலம். என் மூணடிப் பலகை தூணில் இடிக்கும். ஜிக்சா அப்படி இல்லை, மரம் கிடக்கும், மெஷின் ஊர்ந்து போகும். எனக்கு அதான் தோதுப்பட்டது. 3,000 ரூபாய்ச் சொச்சத்துக்குச் சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு, பெரியப்பாவோடதைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தேன்.

ரூட்டரையும் விட்டுவைக்கலை. அமெரிக்காவுல கார்ட்டர்ங்கறவர் முடிவெட்டற மெஷினோட மோட்டாரில் வெட்டு அலகை மாட்டினதில் பிறந்ததாம் அது, முதல் உலகப் போர் சமயத்தில். தையல்காரன்கிட்ட இருந்து ஜிக்சா, நாவிதர்கிட்ட இருந்து ரூட்டர்! ஒரே வடிவத்தை நூறு தடவை வெட்டணும்னா ரூட்டரை அடிச்சுக்க ஆள் இல்லை. பிளைவுட்டில் ஒரு அச்சு வெட்டிக்கிட்டு, பேரிங் வெச்ச அலகை அதில் உரசி ஓட்டினா போதும். இப்போ டவுன்ல கம்ப்யூட்டரே ஓட்டற ரூட்டர் நிறைய வந்தாச்சு. ஒரு இடத்தில் விலை கேட்டேன். 22 இலையை மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுத் தரேன்னாங்க, எம்டிஎஃப் பலகையில. மழை விழற ஓட்டு விளிம்பில் எம்டிஎஃப் ஒரு ஐப்பசிகூடத் தாங்காது, ஊறி உப்பிடும். என் பலாவை எடுத்துட்டு வரேன்னேன், சரின்னாங்க. ஆனா இன்னொரு சிக்கல். ரூட்டர் அலகு உருண்டை. சுத்திக்கிட்டே வெட்டற உருண்டை அலகு உள்மூலையைக் கூரா வெட்டவே முடியாது, எப்பவும் ஒரு சின்ன வளைவு விட்டுட்டுத்தான் வரும். எங்க இலைக்கு உயிரே அந்த ஊசி நுனிதான்.

இதைத் தெரிஞ்சுகிட்டதிலிருந்து டவுனுக்குப் போனா எனக்கு வேலையே வேற. மர அலங்காரம் எங்கே கண்ணில் பட்டாலும் உள்மூலையை உத்துப் பார்ப்பேன். கூரா இருந்தா ரம்பமோ உளியோ, உருண்டையா இருந்தா ரூட்டர். வைசியாள் வீதியில வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர் பண்ணி 2008ல் யுனெஸ்கோ விருது வாங்கினாங்க, இன்டாக் ஆளுங்க செஞ்ச வேலை. வாரக் கடைசியில ஈசிஆரில் வந்து வெள்ளைக்காரத் தெருவில மஞ்சச் சுவர் முன்னாடி போட்டோ எடுத்துட்டுத் திரும்பறவங்க, கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கமும் ஒரு நடை வந்து அந்தக் கதவையும் தூணையும் பாருங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தா மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரிச்சிருப்பாங்க, அதையும் ஒரு பார்வை பார்க்கலாம். பழைய உளி அகப்பட்டா விடாதீங்க.

மச்சான் பையனுக்கு இப்போ பதில். உன் கதவுப் பலகை ஒரு அடிக்கு ஒரு அடி, கனம் கம்மி, பூ இதழ் நெருக்கமா வரணும்னா ஸ்க்ரோல் சா. சத்தமும் குறைவு, பக்கத்து ஃப்ளாட்டுக்காரன் கதவைத் தட்ட மாட்டான். அலமாரித் தட்டு, ஸ்பீக்கர் ஓட்டை, சிங்க் ஓட்டைன்னு எல்லாத்துக்கும் ஒரே மெஷின் வேணும்னா ஜிக்சா. ரூட்டர் இப்போ வேண்டாம், ஒரே பூவை அம்பது தடவை வெட்டற நாள் வந்தா பார்க்கலாம். இதையெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி சில நூறு ரூபாய்க்கு ஒரு கை பிரெட்சா வாங்கி ஒரே ஒரு பூ வெட்டு. பிளேடை ஓட்டைக்குள்ள விட்டு முறுக்கறது எவ்வளவு தொல்லைன்னு தெரிஞ்சாதான், எந்தத் தொல்லைக்கு நீ காசு கொடுக்கறேன்னு தெரியும்.

இலைகளை 2015 மாசியில மாட்டினேன். முதல்ல வெட்டின சுமாரான இலைகளை வேப்பமரப் பக்கத்துக் கோடியில, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா யோசிச்சது மூணாவது இலையைப் பத்திதான். என் பலகையில அந்த இடத்தில் முடிச்சு கிடையாது. நேரா வெட்டறதா, சாய்ச்சா? சொல்தா பெரியப்பா, "இருந்தபடியேதான் இருக்கணும், டவுன்ல அப்படித்தான் செய்யறாங்க" என்றார். ஆசாரி மகன், "அப்பா வேற வழியில்லாம சாய்ச்சார். உங்களுக்கு என்ன?" என்றார். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, காபி குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

நான் பழைய பலகையை வெச்சு பென்சிலால் அப்படியே வரைஞ்சேன். நேரான இலைக்கெல்லாம் பழகிப்போன கை, அந்த இடம் வந்ததும் நேராத்தான் போகப் பார்த்தது. மெஷினை இடதுபக்கம் தள்ளிப் பிடிச்சு வெட்டவேண்டியிருந்தது. சொல்தா பெரியப்பா இப்போ இல்லை. ஆசாரி மகன் எப்போவாவது இந்தப் பக்கம் வந்தா திண்ணையில உக்காந்து மேலே எண்ணுவார், மூணாவதுல கொஞ்சம் நிப்பாட்டிட்டு நாலாவதுக்குப் போவார்.